ஆமையண்ணன் ஓட்டாத பஸ்

அத்தியாயம் 14

“இடிச்சிடு” என்றான் அண்ணன்.

மைக்கை அணைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு, கண்ணால் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னான்.

“எதுல?”

“எதுலயாவது. முன்னாடி மைல்கல் வருது பார். லேசா ஒரு உரசு உரசு, போதும்.”

“பஸ்ல முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க அண்ணா.”

“பொம்மைங்கடி!”

“பொம்மைன்னா இடிக்கலாமா?”

மைல்கல் ஒரு சாண் இடைவெளியில் அழகாக விலகிப் பின்னால் போயிற்று. திரையின் வலது ஓரத்தில் பார்வையாளர்களின் வரிகள் சரசரவென்று ஏறின.

‘ஆமையண்ணே, உடம்பு சரியில்லையா? மூணு மணி நேரமா ஒரு கல்லைக்கூட இடிக்கல?’

‘யாரோ அண்ணனுக்கு மந்திரிச்சு விட்டுட்டாங்க!’

‘போன தடவை பஸ்ஸோட ஆத்துல குளிச்சவர்தானே நீங்க?’

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான். மைக்கைத் திறந்தான். “இன்னிக்குக் கை கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குது மக்களே!” என்று முழங்கினான்.

சொன்ன பேச்சைக் கேட்காத அந்தக் கை, அவன் தங்கையுடையது.

சென்ற அத்தியாயத்தில், வெள்ளிக்கிழமை மாலையில் நாம் விட்ட இடம் நினைவிருக்கும். பார்சல் கிடங்கில் ஷட்டர் சரிந்து விழுந்ததும், அண்ணனின் வலது கட்டைவிரல் அதற்கு அடியில் இருந்ததும். எலும்பில் கீறல், மணிக்கட்டு வரை மாவுக்கட்டு, மூன்று வாரம் அசைக்கக் கூடாது. மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் இணையத்தில் நேரலையாகப் பத்து மணி நேர வீடியோ கேம் ஓட்டத்தைத் தொடங்கியாக வேண்டும்.

விளையாட்டு என்னவோ எளிமையானதுதான். மலைப்பாதையில் ஒரு பஸ். நூற்றுக்கணக்கில் வளைவுகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, ஆளை ஏற்றி, ஆளை இறக்கி, குலுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுடுகிறது, வெட்டுகிறது எதுவும் கிடையாது. அண்ணன் அதை நத்தை வேகத்தில் ஓட்டி, அப்படியும் எதிலாவது முட்டிக்கொள்வான். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ‘ஆமையண்ணன்’ என்று பெயர் வைத்ததும் அந்தக் கூட்டம்தான்.

இன்றைய ஓட்டம் நன்கொடைக்கு. அண்ணி வேலை பார்க்கும் மறுவாழ்வு வார்டில் கைப்பயிற்சிக்கு இருப்பவை இரண்டு மேசைகள், நோயாளிகள் பதினொரு பேர். மூன்றாவது மேசைக்காக இந்த ஓட்டம். திரையின் மூலையில் கோட்டுச் சித்திரமாக ஒரு மேசை. உதவி வர வர அதில் பழுப்பு நிறம் ஏறும். உதவுகிறவர்கள் ஒரு நிறுத்தத்துக்குத் தங்கள் விருப்பப்படி பெயர் வைக்கலாம்.

“அடுத்த நிறுத்தம், ‘மாமியார் தூங்கிட்டாங்க மெதுவா போங்க’!” என்று அண்ணன் அறிவித்தான். “இறங்கறவங்க படிக்கு வாங்க!”

கேமராவுக்கு அவன் மார்புக்கு மேலே மட்டும்தான் தெரியும். மடியில் ஓர் எவர்சில்வர் தட்டு. வளைவு வரும்போதெல்லாம் இடது கையால் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவான். தோள் அசைய வேண்டுமே. மாவுக்கட்டு போட்ட வலது கை நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு இடதுபுறம், கேமராவின் கண்ணுக்கு எட்டாத சாப்பாட்டு மேசையில் ஸ்டீயரிங்கை முறுக்கிப் பொருத்தி, பழைய டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் நண்டு.

நண்டு என்பது அப்பா வைத்த பெயர். தவழும் வயதில் பக்கவாட்டிலேயே நகர்ந்தாளாம். முப்பத்தொரு வயதில் தையல்கூடத்தில் சட்டைக் காலர் தைக்கிறாள். ஒரு நாளைக்கு இருநூற்றுச் சொச்சம் காலர். வாரத்தில் ஆறு நாள் குனிந்த முதுகு ஏழாவது நாளாவது நிமிர வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் இந்த உபசாரம்.

“எனக்கு வேற யாரு இருக்கா?” என்று நேற்று மாலை அண்ணன் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. அவனுக்காக இல்லை. அப்பாவுக்காக.

பக்கவாதம் வந்து ஆறு வாரம். முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பாவின் வலது கை, அண்ணி வேலை செய்யும் அதே வார்டில், தலையணைமேல் மடித்து வைத்த துண்டு மாதிரி கிடந்தது. விரலை மடக்கி விரிக்கச் சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அண்ணி கெஞ்சினாள், மிரட்டினாள், பிள்ளை மாதிரி கொஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போன வாரம் அவரே ஓர் ஒப்பந்தம் போட்டார். வார்த்தை வார்த்தையாக, மூச்சு வாங்க.

“அவன்... ஒரு மணி... ஓட்டட்டும். நான்... பத்து தடவை... மடக்கறேன்.”

மணிக்குப் பத்து. பத்து மணி நேரத்துக்கு நூறு. திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் வருகிறார். விரலில் அசைவு தெரிந்தால் இன்னும் ஒரு மாதம் வார்டில் வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். தெரியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் படுக்கைக்கு வெளியே ஆள் காத்திருக்கிறது.

வார்டு ஹாலில் டிவியில் இந்த ஓட்டத்தைப் போட்டுவிட, அண்ணி மேலிடத்தில் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தாள். வெள்ளி மதியத்திலிருந்து சனி மாலை வரை அவளுக்குத் தொடர்ந்து டூட்டி. கணவனின் கட்டைவிரல் செய்தி அவள் காதுக்கு இன்னும் போகவில்லை.

“சொன்னா நிறுத்துன்னு சொல்லுவா” என்றிருந்தான் அண்ணன். “நான் நிறுத்தினா அப்பாவும் நிறுத்திடுவார். ஒரே ஒரு நாள் நண்டு. நீ ஓட்டு, நான் வாயாடறேன்.”

சின்ன வயதிலும் அப்படித்தான். விளையாட நண்டுக்குக் கை வரும், அவனுக்கு வாய் வரும்.

*

பன்னிரண்டே காலுக்கு அண்ணியிடமிருந்து போன்.

அண்ணன் பார்வையாளர்களிடம், “வீட்டம்மா கூப்பிடறாங்க, பஸ்ஸைவிட இது முக்கியம்” என்று சொல்லிவிட்டு மைக்கை மூடினான்.

“மூணு ரவுண்டு முடிஞ்சுது” என்றாள் அண்ணி. குரலில் தூக்கமின்மை கரகரத்தது. “மூணாவது ரவுண்டுல சுண்டுவிரல் கூட கொஞ்சம் வந்துது. பக்கத்து பெட்காரர் கை தட்டினார். மாமா அவரை முறைச்ச முறைப்பைப் பார்க்கணுமே.”

“முறைக்கிறாரா? அப்ப நல்லாயிட்டார்” என்றான் அண்ணன்.

“நீங்க என்ன, இன்னிக்கு இவ்வளவு ஒழுங்கா ஓட்டறீங்க? நம்ம கல்யாணத்துக்கு வந்த வண்டியையே கேட்ல மோதினவராச்சே.”

“மனசு வச்சா முடியும்மா.”

“இத்தனை வருஷமா எங்க வச்சிருந்தீங்களாம்? சரி, நண்டு எங்க? ஓவர்டைமா?”

அண்ணன் நண்டுவைப் பார்த்தான். நண்டு சாலையைப் பார்த்தாள்.

“ஆமா, ஓவர்டைம்” என்றான்.

ஓவர்டைம் என்பது அவளுடைய பொய். எட்டு மாதத்துக்கு முன்புவரை ஒவ்வொரு சனிக்கிழமைக் காலையும் அவள் சொல்லிவிட்டுப் போன பொய். தையல்கூடத்துக்கு வார விடுமுறையே சனிக்கிழமைதான். ஊருக்கு வெளியே டிரைவிங் ஸ்கூலின் மண் மைதானத்தில், ஓட்டை லாரி ஒன்றில், நாற்பது வயது ஆண்கள் ஏழு பேரோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டாள். கனரக வாகன உரிமம் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த லைசன்ஸ் கார்டு அவளுடைய ஊசி டப்பாவின் அடியில், பித்தான்களுக்குக் கீழே படுத்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

சொல்ல முடியாததற்குக் காரணம் அப்பா. இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் ஆசையை வாய் விட்டுச் சொன்ன அன்று அவர் கத்தவில்லை, திட்டவில்லை. சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “அந்த சீட்டுல நான் உட்கார்ந்தது போதும். இந்த வீட்ல இன்னொரு முதுகு போக வேணாம். மிஷின்லயே இரு.”

மிஷினிலும் முதுகு போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே ‘சாப்டியா’, ‘சாப்டேன்’ என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

போனை வைத்ததும் அண்ணன் தட்டைத் திருப்பத் தொடங்கினான். திரையில் பாறைச் சுவர் ஒன்று சாலையை மறைத்துக்கொண்டு நீட்டி நின்றது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத வளைவு.

நண்டுவின் கட்டைவிரல் தானாக நகர்ந்தது.

பீப். பீப்.

ஸ்டீயரிங்கை அகலமாக வெளியே விட்டு, பஸ்ஸின் மூக்கு பாறையைத் தாண்டும்வரை பொறுத்து, அப்புறம் மெல்ல ஒடித்தாள். பின்சக்கரம் ஓரக் கல்லைத் தொடாமல் வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மைகளில் ஒன்றுகூடத் தலையை ஆட்டவில்லை.

*

மூன்று மணி பத்து நிமிடம். ஏழாவது மணி நேரம். நண்டுவின் வலது தோள் மரத்துவிட்டது. காலையிலிருந்து இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் அண்ணன் பஸ்ஸை நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு, “பயணிகளுக்கு டீ பிரேக்” என்று சமாளித்தான். ஒரு பன்னும் பாதி வாழைப்பழமும் உள்ளே போயிருந்தன. மீதிப் பாதி, டிவிக்குப் பக்கத்தில் கறுத்துக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கும் வேகம் இறங்கிவிட்டது. வலிக்கான மாத்திரை இரண்டு மணிக்கே வேலையை நிறுத்திவிட்டது போலிருந்தது. தொங்கிய கையில், கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த நான்கு விரல்களும் வீங்கி மினுமினுத்தன. ஆனாலும் திரையில் அவன் முகம் பளிச்சென்று சிரித்தது. எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை அவன் பார்த்திராத கூட்டம். மேசையில் மேற்பலகையும் இரண்டு கால்களும் நிறம் ஏறிவிட்டன. மூன்றாவது கால் முட்டிவரை.

போன் அதிர்ந்தது. அண்ணன் மைக்கை மூடி, ஸ்பீக்கரில் போட்டான்.

“மாமா நிறுத்திட்டார்” என்றாள் அண்ணி. எடுத்த எடுப்பிலேயே.

“என்னது?”

“ஆறாவது ரவுண்டு வரைக்கும் செஞ்சார். அதுலயே ஆறு தடவைதான். அப்புறம் கையை இழுத்து வயித்து மேல வச்சுக்கிட்டார். தொட விடமாட்டேங்கறார். நான் தொட்டா தட்டி விடறார், இடது கையால.”

“வலிக்குதா?”

“அதெல்லாம் இல்ல. என்னமோ ஹாரன், ஹாரன்கிறார். ரெண்டு தடவை திருப்பிக் கேட்டேன். ‘அவன் ஹாரன் அடிக்க மாட்டான்’ங்கிறார்.”

நண்டு ஹாரன் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

அப்பாவின் பழக்கம் அது. ராத்திரியோ பகலோ, எதிரில் வண்டி இருக்கிறதோ இல்லையோ, கண்ணுக்குத் தெரியாத வளைவு என்றால் இரண்டு சின்ன ஹாரன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை வருடம் அவள் அதைக் கேட்டிருக்கிறாள்! காலையிலிருந்து எத்தனை வளைவு! ஒவ்வொன்றிலும் அடித்திருக்கிறாள். அடித்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

“அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்” என்றாள் அண்ணி. “‘பொய்’னு. யாரு பொய், என்ன பொய்னு கேட்டா டிவியைக் காட்டறார். என்னங்க நடக்குது அங்க? ஆமா, நீங்க ஏன் காலையிலேர்ந்து கையையே காட்டல? எப்பவும் ரெண்டு கையையும் வீசி வீசித்தானே பேசுவீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. நீ அவரை சமாதானப்படுத்து. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்.”

போன் அணைந்தது. நண்டுவைப் பார்க்காமலே சொன்னான்:

“இனிமே ஹாரன் அடிக்காத.”

“அண்ணா.”

“அடிக்காம ஓட்டு. ரெண்டு இடத்துல இடி. அது நான்தான்னு நம்பிடுவார்.”

“முப்பது வருஷம் ஓட்டினவர் அண்ணா அவர். இப்ப இடிச்சா இன்னும் நல்லாவே தெரிஞ்சு போகும்.”

“அப்ப என்ன பண்ணச் சொல்ற? எண்ணூறு பேர்கிட்ட, ஏழு மணி நேரமா தட்டைச் சுத்திட்டு இருந்தேன்னு சொல்லட்டுமா?” அவன் குரல் உடைந்து மேலேறியது. “கிடங்குல எனக்கு என்ன பேர் தெரியுமா? ‘டேய்.’ பன்னிரண்டு வருஷமா. நேத்து ஷட்டர் விழுந்தப்பகூட, ‘டேய், கதவுக்கு ஒண்ணும் ஆகலியே’ன்னுதான் கேட்டான். இங்க மட்டும்தான்டி என்னை அண்ணேன்னு கூப்பிடறாங்க.”

கோபம் வந்தால் நன்றாயிருக்கும் என்று நண்டுவுக்குத் தோன்றியது. கோபம் வரவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அடுத்த நிறுத்தம் வந்தது. ‘தூங்குமூஞ்சி முச்சந்தி’. பஸ்ஸை ஓரம் கட்டினாள். கதவைத் திறந்தாள். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவை மூடவில்லை. கைபிரேக்கை இழுத்தாள். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன பண்ற?”

“வண்டி எடுக்க மாட்டேன்.”

“நண்டு!”

“எனக்கு முடியல அண்ணா. பொய்யையும் தூக்கிக்கிட்டு வண்டியும் ஓட்ட முடியல. ரெண்டுல ஒண்ணை இறக்கி வைக்கறேன்.”

“ஸ்ட்ரைக்கா?”

“அப்படித்தான் வச்சுக்கோ. டிரைவர் பொண்ணுதானே.”

திரையில் பஸ் நின்றது. திறந்த கதவு வழியாகப் பொம்மைப் பயணிகள் வெறித்துப் பார்த்தார்கள். இங்கே நடப்பது பார்வையாளர்களுக்கு எட்டு விநாடி கழித்துத்தான் போய்ச் சேரும். அந்த எட்டு விநாடி முடிந்ததும் வரிகள் வரத் தொடங்கின.

‘ஏன் நிக்குது?’

‘டயர் பஞ்சரா அண்ணே?’

‘டிரைவர், எனக்கு ஆபீசுக்கு லேட்டாவுது!’

‘சத்தமும் வரல. அண்ணன் யார்கூடவோ சண்டை போடறார்.’

அண்ணன் மடியிலிருந்த தட்டைப் பார்த்தான். அதில் அவன் முகம் கோணலாகத் தெரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நண்டு கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் சாலை ஓடிக்கொண்டே இருந்தது.

டங் என்று சத்தம் கேட்டது. தட்டைத் தரையில் வைத்திருந்தான்.

மைக் பொத்தான் ‘டிக்’ என்றது.

“மக்களே...” என்றான் அண்ணன். வழக்கமான முழக்கம் இல்லை. கிடங்கில் சரக்கு குறைந்தால் மேலாளரிடம் போய்ச் சொல்கிற குரல். “ஒரு விஷயம் சொல்லணும்.”

வலது கையைத் தூக்கினான். வெள்ளை மாவுக்கட்டு முதல் தடவையாகக் கேமராவுக்குள் வந்தது.

“நேத்து சாயங்காலம் வேலையில அடிபட்டுது. இந்தக் கையால ஒரு ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாது. காலையிலேர்ந்து ஓட்டினது நான் இல்ல. என் தங்கச்சி.” கேமராவை இடது கையால் திருப்பினான். “இவதான். ஒரு கல்லைக்கூட இடிக்காதவ. நான் தட்டைச் சுத்திட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்கன்னு சொல்றதுக்குக்கூட வெக்கமா இருக்கு.”

நண்டு நிமிர்ந்தாள். தலைமுடியில் நேற்றைய வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்கே இப்போதுதான் திரையில் தெரிந்தது. அதை எடுத்துப் போட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், “வணக்கம்” என்றாள்.

எட்டு விநாடி.

‘அப்ப ஏழு மணி நேரமா எங்களை முட்டாளாக்கினீங்களா?’

‘சீ. போறேன்.’

‘நன்கொடைன்னு சொல்லிட்டு ஏமாத்து வேலை. நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்க.’

‘தட்டா??? 😂’

‘அதான் பார்த்தேன், ஆமைக்கு ஏது இத்தனை அழகு.’

எண்ணூறு, அறுநூறு ஆயிற்று. ஐந்நூற்று நாற்பது. மேசையின் மூன்றாவது காலில் முட்டிவரை ஏறியிருந்த பழுப்பு, கணுக்காலுக்கு இறங்கியது. அண்ணன் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது அவன் முகத்துக்கு ஓய்வாக இருந்தது போலிருந்தது.

“எடு” என்றான். “இருக்கறவங்களை ஏத்திட்டுப் போ.”

நண்டு கதவை மூடினாள். கைபிரேக்கை விட்டாள். பஸ் நகர்ந்தது.

*

நாலு மணி இருபது நிமிடம். அதுவரை வார்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டும் அண்ணி எடுக்கவில்லை. வண்டியில் மிச்சமிருந்த பார்வையாளர்கள் நண்டுவிடம் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

‘அக்கா, பிரேக்கே போடாம எப்படி இறக்கறீங்க?’

“கியரைக் குறைச்சா வண்டியே பிடிச்சுக்கும்” என்றாள் நண்டு. “பிரேக்கைப் போட்டா உள்ள நிக்கற கிழவி விழுந்துடும்.”

‘எந்தக் கிழவி?’

“எப்பவும் ஒரு கிழவி நின்னுட்டுதான் இருக்கும்.”

நாலைந்து சிரிப்புகள் வந்தன. மேசையின் மூன்றாவது கால் மறுபடி ஓர் அங்குலம் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. நாலாவது கால் கோடாகவே நின்றது. இன்று அது கோடாகவேதான் நிற்கும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

போன் அடித்தது. அண்ணன் பாய்ந்து எடுத்தான். நண்டு ஓட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே பிடித்தான்.

“முதல்ல அந்தக் கையைத் தூக்கி நெஞ்சுக்கு மேல வைங்க” என்றாள் அண்ணி. “நாள் பூரா தொங்கவிட்டிருக்கீங்களே, வீங்காம என்ன பண்ணும்? கைக்கு வைத்தியம் பார்க்கறவ நான். என் வீட்டுக் கை உடைஞ்சதை வார்டு டிவியில, பதினொரு பேரோட உட்கார்ந்து பார்க்கறேன்.”

“அம்மா, அது வந்து...”

“தூக்கிட்டீங்களா?”

“தூக்கிட்டேன்.”

“மீதியை வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்.”

அந்த ‘மீதி’ எவ்வளவு நீளம் இருக்கும் என்று அண்ணனுக்குத் தெரியும்.

“அண்ணி” என்றாள் நண்டு. “அப்பா?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. நாற்காலி இழுபடும் சத்தம்.

“உன் மூஞ்சி டிவியில வந்ததும் ரொம்ப நேரம் பேசாம பார்த்துட்டு இருந்தார். நான் பக்கத்துல போகல. அப்புறம் அவரே கையைத் தூக்கி மேசைமேல வச்சார். யாரும் சொல்லல. மடக்கினார்.”

“எத்தனை?”

“ஏழாவது ரவுண்டுக்குப் பத்து. ஆறுல விட்ட நாலு. நடுவுல எழுந்து வந்தா விட்டுடுவாரோன்னு பயம். அதான் போனை எடுக்கல.” அண்ணியின் குரல் கொஞ்சம் தேய்ந்தது. “கடைசி மூணு சரியா வரல. ஆனா கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டுது நண்டு. ஆறு வாரத்துல இன்னிக்குத்தான். பெரிய டாக்டர் என்ன சொல்லுவாரோ தெரியாது. நான் எழுதி வச்சிருக்கேன்.”

நண்டுவுக்குச் சாலை கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டித் தெளிய வைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

“இரு, மாமா உன்கிட்ட பேசணுமாம். போனைப் பிடுங்கறார்.”

உரசல். மூச்சு. பின்னணியில் வார்டு டிவியின் இரைச்சல்.

“நண்டு...”

“சொல்லுங்கப்பா.”

“சாப்டியா?”

“சாப்டேன்பா.”

வழக்கமாக அவர்கள் பேச்சு முடிந்துவிடும் இடம் அது. அண்ணன் போனை எடுத்துவிடலாமா என்று பார்த்தான். அவள் தலையசைத்து வேண்டாம் என்றாள்.

“பின்சக்கரம்...” என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லையும் மேட்டில் வண்டி தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு வந்தார். “நீ... பின்சக்கரத்துக்கு... இடம் விட்டு... ஒடிக்கற.”

“ம்.”

“பக்கத்துல... உட்கார்ந்து பார்த்தா... வராது அது. பெரிய வண்டி... ஓட்டினாத்தான்... வரும்.”

நண்டு கியரைக் குறைத்தாள்.

“எத்தனை மாசமா?”

முன்னால் பாறைச் சுவர் வந்தது. பார்வை மறையும் வளைவு. என்ன பதில் சொன்னாலும் குரல் காட்டிக்கொடுக்கும். கட்டைவிரல்தான் நகர்ந்தது. இந்த முறை தெரிந்தே.

பீப். பீப்.

போனில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... பஸ் அகலமாக விலகி, மூக்கைத் தாண்ட விட்டு, ஒடித்துத் திரும்பியது. எட்டாவது விநாடியில், தூரத்து வார்டின் டிவியிலிருந்து அவளுடைய ஹாரன் போன் வழியாக அவளுக்கே திரும்பி வந்தது.

பீப். பீப்.

“திங்கக்கிழமை...” என்றார் அப்பா. “வரும்போது... அந்த கார்டை... எடுத்துட்டு வா.”

“எதுக்குப்பா?”

போன் கைமாறியதோ, கீழே விழுந்ததோ, இணைப்பு அறுந்தது. திட்டவா, பார்க்கவா, கிழித்துப் போடவா? அந்தக் குரலில் எதையும் பிரிக்க முடியவில்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. அவளிடம் இருந்த அதே களைப்பு.

அண்ணன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன கார்டு?” என்றான்.

“சாலையைப் பார்க்க விடு.”

“நண்டு, என்ன கார்டு?”

அவள் டிவிப் பக்கம் திரும்பினாள். ஓர வரிகள் வெறிகொண்டு ஏறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் புரிந்தது. இந்தப் போன் வந்தபோது இருந்த பதற்றத்தில் அண்ணன் மைக்கை மூடவே இல்லை. ஐந்நூற்று நாற்பது பேரும், அவர்களோடு வார்டில் ஹால் டிவியின் முன்னால் இருக்கும் நோயாளிகளும், எட்டு விநாடி கழித்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்.

‘என்ன கார்டு அக்கா?’

‘அக்கா, என்ன கார்டு?’

‘என்ன கார்டு???’

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.